படகேறிய சைக்கிள்கள்

உல்லாசக் கப்பலில் விடுமுறைக்குப் போகிறவர்களில் சிலர் தங்கள் சைக்கிளையும் கூடவே ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று எனக்குச் சொன்னவன் என்னிடம் படித்த ஒரு மாணவன். அப்படியான கப்பலொன்றில் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை அவனுக்கு. லீவில் ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு மணித்தியாலமாவது இருந்து கதைத்துவிட்டுத்தான் போவான். கப்பலின் சாப்பாட்டு மண்டபங்கள், நீச்சல் தடாகங்கள், நாடக அரங்குகள் பற்றி அவன் சொன்னவையெல்லாம் மறந்து போயின. சைக்கிள் கதை மட்டும் மனதில் தங்கிவிட்டது. கிராமத்துப் பாடசாலைக்கு நாளாந்தம் சைக்கிள் மிதித்துப் போகும் ஒரு வாத்தியாருக்கு வேறெது தங்கும்?

பெரும்பாலும் அவை மடிக்கும் சைக்கிள்கள். 1970களில் லண்டனில் அன்ட்ரூ ரிச்சி என்பவர் வடிவமைத்த 'புரொம்ப்டன்' போன்றவை. மடித்தால் ஒரு பிரயாணப் பெட்டியின் அளவுதான் வரும். கட்டிலுக்குக் கீழேயோ உடுப்பு அலுமாரிக்குள்ளேயோ வைத்துவிடலாம். கப்பலின் தளத்தில் அதை ஓட்ட விடமாட்டார்கள். துறைமுகத்தில் கப்பலைக் கட்டியதும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வெளியே வந்து விரித்து, மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். கப்பல் ஒரு துறைமுகத்தில் அனேகமாக ஒரு பகற்பொழுதுதான் நிற்கும். குறித்த நேரத்துக்கு முன்பு திரும்ப ஏறிவிட வேண்டும். கரைக்கு வரமுடியாமல் வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும் இடங்களில் சைக்கிளை இறக்குவது பெரும்பாடு. பல கப்பல்களில் அதற்கு அனுமதியும் இல்லை. ஐரோப்பாவின் ஆற்றுக் கப்பல்களில் இந்தச் சிக்கல் குறைவு. டனியூப் ஆற்றில் ஜேர்மனியின் பஸ்ஸாவுக்கும் ஒஸ்திரியாவின் வியன்னாவுக்கும் இடையே சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு ஓடும் கப்பல்கள் இருக்கின்றன. பகலில் பயணிகள் ஆற்றங்கரைப் பாதையால் மிதித்துப் போவார்கள். கப்பல் முன்னே போய் அடுத்த துறையில் காத்திருக்கும். இரவுப் படுக்கை கப்பலில்.

"ஏன் இந்தக் கரைச்சல்? இறங்கினால் பஸ் நிற்குந்தானே?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில் போனால் பஸ் நிற்கிற இடத்தைத்தான் பார்க்கலாம் சேர்" என்றான்.

2023 ஜூன் மாதம் 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தபோது அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, மாணவன் சொன்ன கதையை என் மாமாவிடம், அதாவது என் மனைவியின் வாப்பாவிடம், சொன்னேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே சிரித்தார்.

"இதில என்ன புதினம் மருமகன்? வெள்ளைக்காரன் இப்ப செய்யிறதை நான் பதினெட்டு வயசிலயே செய்தவன். என்ர சைக்கிள் எத்தனை தரம் கடல் தாண்டியிருக்கு!"

மாமா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். புடவைக் கட்டைச் சைக்கிளில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர். வேலணை, புங்குடுதீவு வரை தாம்போதியால் மிதித்துப் போய்விடலாம். அதற்கு அப்பால் கடல். குறிகட்டுவான் இறங்குதுறையில் சைக்கிளைப் படகில் ஏற்றி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போவாராம். நெடுந்தீவுதான் அவருக்குப் பிடித்தமான இடம். யாழ்ப்பாணத்தின் பெரிய தீவுகளில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நடந்து விற்றால் கட்டுப்படியாகாது. கறுப்பு ரலி சைக்கிளின் கரியரில் ஒரு பலகையை அறைந்து அகலமாக்கி, அதன்மேல் சேலை, சாரம், சீத்தைத் துணி எல்லாம் கட்டியிருப்பார். போகும்போது புடவை. வரும்போது ஒடியல், பனங்கட்டி, கருவாடு. யாழ்ப்பாணத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தாய் கொடுத்துவிடும் பொட்டலமும் சில வேளை அதில் தொங்கும்.

"சைக்கிள் வெறுமையாப் போகப்படாது" என்பது அவருடைய தொழில் விதி. படகில் அது ஓர் ஆளின் இடத்தைப் பிடிக்கிறது. பிடித்த இடத்துக்கு அது ஏதாவது சுமக்க வேண்டும் என்பார்.

அந்த நாளில் 'குமுதினி' படகுதான் பெரும்பாலும் அவரை ஏற்றிச் சென்றது. 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் வந்த பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். கைக்குழந்தைகூடத் தப்பவில்லை. தன்னிடம் புடவை வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள் என்று மாமா சொல்வார்; அதற்குமேல் அந்தக் கதையை வளர்க்கமாட்டார். பல மாதங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு போனார். வயிற்றுப்பாடு.

1990 மே மாதம் நெடுந்தீவில் ஓர் அம்மா தன் மகளின் கலியாணத்துக்கென்று அவரிடம் உடுபுடவை சொல்லியிருக்கிறார். மகளுக்கு அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை வைத்த சேலை ஒன்று, தகப்பனுக்குப் பட்டு வேட்டி, இன்னும் சில. முற்பணமாக 750 ரூபா கொடுத்தார். ஆவணியில் கலியாணம். ஜூன் மாதம் மீண்டும் யுத்தம் தொடங்கியது. கடற்பாதை அடைபட்டது. வாங்கிவைத்த சேலையும் வேட்டியும் சோனகத் தெரு வீட்டு அலுமாரியில் கிடந்தன. அவ்வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் அவகாசம் கிடைத்த கதையை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ரலி சைக்கிள் கிணற்றடி மதிலில் சாய்த்தபடி நின்றது. அலுமாரி பூட்டியபடி இருந்தது. கடன் கொப்பியும் வீட்டோடு போயிற்று.

"எனக்கு வரவேண்டிய காசின்ர கணக்குக் கொப்பியோட போச்சு மருமகன். நான் குடுக்க வேண்டியது மனசில கிடக்கு."

புத்தளத்தில் அகதியாக ஓலைக் கொட்டிலில் தொடங்கி, ஒரு சில்லறைக் கடை வைத்து, மூன்று பெண் பிள்ளைகளைக் கரைசேர்த்தார். 2002 சமாதான காலத்தில் ஒருதரம் யாழ்ப்பாணம் போய், கூரையில்லாத வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். வீடு திரும்பிய பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஆகஸ்ட் லீவில என்னை நெடுந்தீவுக்குக் கூட்டிப் போங்கோ. கடனோட மண்ணுக்குள்ள போகேலாது" என்றார். கையில் ஒரு கடித உறை வைத்திருந்தார். அதற்குள் 30,000 ரூபா. 750 ரூபாவுக்கு இன்று எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பேன். அவருக்கு வேறொரு கணக்கு இருந்தது. அன்றைக்கு 750 ரூபா என்பது அவர் இரண்டு கிழமை மிதித்துச் சம்பாதிக்கும் காசு. இன்று கடையில் இரண்டு கிழமையில் மிஞ்சுவது 30,000.

அங்கே போய் ஓர் ஓட்டோ பிடித்துக்கொள்ளலாம் என்றேன். மாமா மறுத்துவிட்டார். அந்த அம்மாவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. வடலிக் காணிக்குள் வீடு என்பதால் 'வடலியடி அக்கா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வீட்டு இலக்கமோ, ஒழுங்கையின் பெயரோ தெரியாது.

"ஓட்டோக்காரன் எங்கை போகவேணும் எண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது? நான் மிதிச்சுப் போன வழிதான் எனக்குத் தெரியும். சைக்கிள்ள போனால் கால் கொண்டுபோய் விடும்."

மனைவி அழுதாள். எழுபத்துநாலு வயது, ஆஸ்பத்திரியால் வந்த உடம்பு, சோளகக் காற்றுக் காலம். நானும் இரண்டு நாள் யோசித்தேன். டொக்டரிடம் கேட்டோம். மெதுவாக ஓடலாம், ஏற்றம் இருந்தால் இறங்கி நடக்க வேண்டும் என்றார். நெடுந்தீவில் ஏற்றமில்லை என்று மாமா உடனே பதில் சொன்னார்.

சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு ஒரு லுமாலா வாங்கியிருந்தேன். பெற்றோல் வந்த பிறகும் அதை விடவில்லை. மகனுடைய பழைய சைக்கிளுக்கு ஒரு பெரிய கரியர் பூட்டி மாமாவுக்கு ஆயத்தம் செய்தோம். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் உறவினர் ஒருவரின் லொறியில், தேங்காய்க்கு மேலே இரண்டு சைக்கிள்களும் முன்கூட்டியே போயின. நாங்கள் பஸ்ஸில் போனோம். சோனகத் தெருவில் மீளக் குடியேறிய ஒரு வீட்டில் இரவு தங்கி, விடிய ஐந்து மணிக்கு ஒரு 'பட்டா' வாகனத்தில் சைக்கிள்களை ஏற்றிப் பண்ணைப் பாலத்தால் புறப்பட்டோம். வேலணையும் புங்குடுதீவும் தாண்டிக் குறிகட்டுவானில் இறங்கும்போது காற்று சேட்டைப் பிடுங்கியது.

இறங்குதுறை நிறைய ஆட்கள். ஒரு பக்கம் நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர்கள். மறுபக்கம் நெடுந்தீவுப் படகுக்கு நிற்பவர்கள். அவர்களில் பாதிப்பேர் எங்களைப்போல் லீவுக்குப் பார்க்க வந்தவர்கள்; மீதிப்பேர் தீவுக்காரர்கள். வந்தவர்களின் கையில் தொலைபேசியும் தண்ணீர்ப் போத்தலும். தீவுக்காரர்களின் காலடியில் மூடைகள், மண்ணெண்ணெய்க் கலன்கள், முட்டைத் தட்டுகள், ஒரு வீட்டுக் கதவு. யாழ்ப்பாணத்தில் வாங்கியது எதுவானாலும் இந்தப் படகால்தான் போகவேண்டும். காற்று பலமாக இருந்தபடியால் அன்று பாரத்தைக் குறைத்துத்தான் ஏற்றுவேன் என்று படகோட்டி சொல்லிவிட்டார்.

எங்கள் இரண்டு சைக்கிள்களையும் பார்த்து, எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலடியில் இரண்டு மூடை மாட்டுத் தவிடும் ஒரு காஸ் சிலிண்டரும்.

"தம்பி, உந்தச் சைக்கிளுகளும் ஏறப்போகுதே?"

"ஓம் அக்கா."

"நீங்கள் உல்லாசம் போறதுக்குச் சைக்கிள் ஏத்தினால் எங்கட சாமானுக்கு இடம் எங்கை? நேற்றும் இந்தத் தவிட்டை விட்டிட்டுத்தான் போனனான். மாடு பட்டினி."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. நாளும் நடக்கும் ஒன்றைச் சொல்லும் குரல். சைக்கிள்களைக் கரையில் விட்டுவிடலாமா என்று நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அதற்கிடையில் குனிந்து தவிட்டு மூடையின் வாயை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, சைக்கிளுக்கு ஓர் இடம், மூடைக்கு ஓர் இடம் எண்டு ஏன் கேக்கிறியள்? ரெண்டுக்கும் ஒரே இடம் காணும். கயிறு என்னட்டை இருக்கு."

படகோட்டியிடம் போய் ஏதோ கதைத்தார். பிறகு நடந்ததை ஒரு பாடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அணியத்துக்குப் பின்னால் இருந்த தட்டில் இரண்டு மூடைகளையும் கிடத்தினார். சிலிண்டரை நடுவில் நிமிர்த்தி இறுக்கினார். என்னிடம் ஸ்பானரைக் கேட்டு இரண்டு சைக்கிள்களின் ஹாண்டிலையும் தளர்த்திச் சட்டத்தோடு ஒரே கோட்டில் திருப்பினார். ஒன்றின் பெடல் மற்றதன் கம்பிக்குள் போகாதபடி தலைமாறிக் கால்மாறி மூடைகளுக்கு மேல் படுக்க வைத்தார். செயினில் எண்ணெய்த் துணியைச் சுற்றினார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கயிற்றால் வரிந்து கட்டினார். சைக்கிள் மூடையை உருளவிடாமல் பிடித்தது. மூடை சைக்கிளை ஆடவிடாமல் பிடித்தது. பக்கத்தில் நின்ற பையனொருவன் தன் முட்டைத் தட்டுகளையும் சில்லுகளுக்கு இடையில் செருகிவிட்டான். படகோட்டி எட்டிப் பார்த்து, "ஐயா பழைய ஆள்போல" என்றார்.

கடலில் ஒரு மணித்தியாலம். நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பருவக்காற்றைப் படிப்பித்து வருகிறேன். வரைபடத்தில் அது ஓர் அம்புக்குறி. அன்று அது முகத்தில் அறைந்தது. படகு ஏறி விழும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் மேலே வந்து கொட்டியது. மாமா ஒரு பொலித்தீன் விரிப்பைப் போர்த்துக்கொண்டு சைக்கிளின் பின் சில்லில் ஒரு கையை வைத்தபடி இருந்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சைப் பிடிக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று. ஓரிடத்தில் அவர் உதடுகள் அசைந்தன. குமுதினியில் போனவர்களுக்காக ஓதினார் என்று பிறகு சொன்னார்.

மாவிலித்துறையில் இறங்கியதும் அந்தப் பெண் சிலிண்டரை உருட்டப் பார்த்தார். வீடு மூன்று கிலோமீற்றர் உள்ளே. மாமா விடவில்லை. கரியரில் ஒவ்வொரு மூடை, என் சைக்கிளின் சட்டத்துக்குள் சிலிண்டர் என்று ரியூப் வாரால் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தோம். விடுமுறைக்கு வந்த மற்றவர்கள் வாகனங்களில் எங்களைத் தாண்டிப் போனார்கள். நெடுந்தீவில் பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, தூது சொல்லப் பறந்த புறாக்களின் கூடு, பெருக்க மரம், ஐரோப்பியர் காலத்திலிருந்து பெருகிக் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள். குதிரைகளைத் தூரத்தில் கண்டோம். எங்களுக்குக் கிடைத்தது முருகைக்கல் மதில்களின் நிழலும் அந்தப் பெண்ணின் பேச்சும்.

எங்கேயிருந்து வருகிறோம், என்ன அலுவல் என்று கேட்டார். சொன்னோம். நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"முந்திப் புடவை கொண்டுவாற நானாமாரிலை ஒராளோ நீங்கள்? இரண்டு மூண்டு பேர் வாறவை. அப்ப எனக்கு இருபது, இருபத்தொரு வயசு. முகம் ஞாபகமில்லை. சைக்கிள் பெல் சத்தம் ஞாபகம் இருக்கு."

வடலியடி அக்காவை அவருக்குத் தெரியவில்லை. தீவின் அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர் இல்லை என்றார். மூடைகளை இறக்கி, பனங்கட்டியும் தேநீரும் குடித்து, சற்று ஓய்வெடுத்த பிறகு மாமா சைக்கிளில் ஏறினார். நான் பின்னால். முப்பத்துநாலு வருடத்துக்குப் பிறகு அந்த மண்ணில் அவர் மிதிக்கிறார். முதலில் ஹாண்டில் ஆடியது. பத்து யார் போனதும் நின்றுவிட்டது.

ஒரு கிணற்றடியால் திரும்பினார். ஒரு கோயில் மதிலைச் சுற்றினார். ஒரு பாதை பிரியுமிடத்தில் புதிதாக ஒரு கட்டடம் நின்றது. மாமா இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். தெரியவில்லை. நான் யாரையாவது கேட்போம் என்றேன். "பொறுங்கோ" என்று சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே அந்தக் கிணற்றடி வரைக்கும் போய், அங்கிருந்து மறுபடியும் மிதித்து வந்தார். இந்தத் தடவை கட்டடத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்தபடி வந்து, நிற்காமல் இடப்பக்கம் திரும்பினார். அரைக் கிலோமீற்றர் போனதும் வடலிகள் எல்லாம் பெரும் பனைகளாக நின்ற ஒரு காணியின் முன்னால் பிறேக்கைப் பிடித்தார்.

மதில் அப்படியே இருந்தது. சாந்து இல்லாமல் அடுக்கிய கல் ஒன்றுகூட விழவில்லை. வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே இரண்டு ஆடுகள் நின்றன.

மாமா சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். அடுத்த காணிக்குள் வேலி கட்டிக்கொண்டிருந்த ஒரு வயோதிபர் எழும்பி வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அக்காவும் புருஷனும் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய் அங்கேயே மௌத்தாகிவிட்டார்கள். மகள் கிளிநொச்சியில் இருக்கிறா. காணி விஷயமாக வருஷத்துக்கு ஒருக்கால் கோல் எடுப்பா. நம்பர் இருக்கிறது.

நான் என் தொலைபேசியில் எடுத்து, சத்தத்தைக் கூட்டி மாமாவின் கையில் கொடுத்தேன்.

"பிள்ளை, நான் புடவை நானா கதைக்கிறன். 90ஆம் ஆண்டு உங்கட அம்மா உங்கட கலியாணத்துக்குப் புடவை சொல்லி என்னட்டை 750 ரூபா தந்தவ."

மறுமுனையில் நெடுநேரம் சத்தம் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"அம்மா அதைச் சொல்லிக்கொண்டிருந்தவ. நானா ஏமாத்தமாட்டார், பாதை திறந்தா வருவார் எண்டு. பிறகு சொல்லுறதை விட்டிட்டா."

"கலியாணம் நடந்துதோ பிள்ளை?"

"நடந்தது. பெரியம்மாவின்ர சேலை ஒண்டைத்தான் உடுத்தினன்." சற்றுப் பொறுத்து, "அதென்ன நிறச் சேலை, நீங்கள் கொண்டுவர இருந்தது?" என்று கேட்டார்.

"அரக்கு. மஞ்சள் கரை. வாங்கி வைச்சனான் பிள்ளை. அலுமாரிக்குள்ள இருந்தது."

"பாதை திறந்து எத்தனை வருஷம். ஏன் ஐயா இப்ப வந்தனீங்கள்?"

அந்தக் கேள்வியில் ஒரு கூர் இருந்தது. மாமா அதைத் தவிர்க்கவில்லை. "முதல் வழி இல்லை. பிறகு காசில்லை. பிறகு வெக்கம்" என்றார்.

உறையில் இருக்கும் காசைச் சொன்னார். ஏன் அந்தத் தொகை என்றும் சொன்னார். இனி என்னத்துக்கு ஐயா, வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என நான் எதிர்பார்த்தேன். கதைகளில் அப்படித்தான் முடியும். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை.

"அங்க ஒருத்தரிட்டையும் குடுக்க வேண்டாம் ஐயா. என்ர பாங்க் நம்பரைத் தாறன், அதில போட்டுவிடுங்கோ. மகள் கம்பஸில படிக்கிறாள். அவளுக்கு உடுப்பு எடுக்கலாம்."

நான் இலக்கத்தை எழுதிக்கொண்டேன். இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்தேன். தொலைபேசியை வைத்ததும் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தாயைப்போலக் கணக்குச் சரியான பிள்ளை" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் அந்த உறையைத் திரும்பப் புத்தளத்துக்குச் சுமந்து வந்திருப்பார். அவருக்கு மன்னிப்புக் கேட்டு வாங்கும் எண்ணம் இருக்கவில்லை. கடன் தீரவேண்டும். அதை அந்தப் பெண் என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்.

பிற்பகல் படகுக்குத் திரும்பும் வழியில் தவிட்டு மூடைக்கார அக்கா ஒழுங்கையில் காத்து நின்றார். யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் மகனுக்குக் கொடுக்க ஒரு பை ஒடியலும் ஒரு போத்தல் நெய்யும். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சைக்கிள் வெறுமையாகப் போகவில்லை.

மறுநாள் காலை யாழ்ப்பாணத்தில் வங்கி திறந்தவுடன் காசைப் போட்டோம். துண்டைப் படம் எடுத்துக் கிளிநொச்சிக்கு அனுப்பினேன். 'கிடைத்தது' என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. மாமா அந்தச் சொல்லை என்னிடம் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

என் மாணவன் சொன்னது சரிதான். பஸ்ஸில் போனால் பஸ் நிற்கிற இடத்தைத்தான் பார்க்கலாம். டனியூப் கரையில் மிதிப்பவர்களும் அதற்காகத்தான் சைக்கிளைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்கு அதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. நெடுந்தீவுப் படகில் அந்தச் சுதந்திரத்துக்கு ஓர் அளவு உண்டு. நாம் ஏற்றும் சைக்கிள் இன்னொருவருடைய மாட்டின் தீனுக்கு உரிய இடத்தில் ஏறுகிறது. அதற்காக, பார்க்கப் போகிறவர்கள் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. படகில் இடம் குறைந்த நாளில் யாருடைய சாமான் கரையில் கிடக்கிறது என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கலாம். மாமா அதை எனக்கு வாயால் சொல்லவில்லை, கயிற்றால் காட்டினார்.

இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு யாராவது விடுமுறைக்குச் சைக்கிளோடு அந்தப் பக்கம் போக நினைத்தால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சோளகம் பலமாக வீசும் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. சனி, ஞாயிறும் வேண்டாம். பார்க்க வருபவர்களின் நெரிசல் அன்றைக்குத்தான். ஹாண்டிலைத் திருப்ப ஒரு ஸ்பானர் வேண்டும். செயினுக்கு எண்ணெய்த் துணி வேண்டும். கரைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்; என் சைக்கிளின் ரிம்மில் அன்றைக்குப் பிடித்த உப்பு ஒரு கிழமைக்குள் துருவாகிவிட்டது. கயிற்றை மட்டும் கொஞ்சம் நீளமாகக் கொண்டுபோங்கள். உங்கள் சைக்கிளோடு வேறு யாருடையதாவது சாமானையும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.